ஏற்காட்டு வீட்டில் ஹார்டுவேர் வாலட்: அந்த 24 சொற்களை என்ன செய்வது?

ஏற்காட்டிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். ஹார்டுவேர் வாலட் ஒன்று, அதாவது கிரிப்டோ காயினின் ரகசிய எண்ணை இணையத்துக்கு வெளியே வைத்திருக்கும் சின்னக் கருவி, வாங்கப் போகிறீர்கள், எக்ஸ்சேஞ்சில், அதாவது காயின் வாங்கி விற்கும் தளத்தில், கிடக்கும் பிட்காயினையும் கொஞ்சம் ஈதரையும் அதற்கு மாற்ற வேண்டும், எப்படிப் பாதுகாப்பாக அமைப்பது, ஏற்கெனவே போனில் இருக்கும் வாலட்டின் மீட்புச் சொற்களையே இதிலும் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்கிறீர்கள். கூடவே, வீடு எஸ்டேட்டுக்குள் தனியாக இருக்கிறது, மழைக்காலத்தில் காகிதமெல்லாம் பூஞ்சை பிடித்துவிடுகிறது, வீட்டில் வேறு யாருக்கும் இதைப் பற்றி ஒன்றும் தெரியாது என்றும் சொல்லியிருக்கிறீர்கள். எந்த பட்டனை எப்போது அழுத்துவது என்பது கருவியின் திரையிலேயே வரும், அதற்கு நான் தேவையில்லை. உங்கள் கவலை வேறு என்று நினைக்கிறேன். இதை வேறு யாரும் எடுத்துவிடக் கூடாது, நீங்களே தொலைத்துவிடவும் கூடாது, உங்களுக்கு ஏதாவது ஆனால் வீட்டாருக்குக் கிடைக்கவும் வேண்டும். இந்த மூன்றும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். ஒளித்து வைக்க வைக்கத் திருடனுக்கு எட்டாது, ஒரு கட்டத்துக்கு மேல் உங்களுக்கும் எட்டாது.

சேலத்தில் சின்ன நிறுவனங்களுக்குக் கணினிப் பாதுகாப்பு வேலை பார்க்கிறவன் நான். சில வருடங்களாக வாலட் அமைக்க உதவி கேட்டும் ஆட்கள் வருகிறார்கள், பெரும்பாலும் தெரிந்தவருக்குத் தெரிந்தவர்கள். யாருக்கும் நானே அமைத்துக் கொடுப்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவர்களையே செய்யச் சொல்வேன், சொற்கள் திரையில் வரும் கட்டம் வந்ததும் எழுந்து வெளியே போய்விடுவேன். சிலருக்கு இது ஒரு மாதிரியாக இருக்கும், ஆனால் அந்தச் சொற்களைப் பார்த்த இரண்டாவது ஆளாக நான் இருக்கவே கூடாது. பணம் போன பிறகு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களில் கருவியின் சிப்பை யாரோ உடைத்துத் திருடியதால் இழந்தவர் ஒருவரும் இல்லை. சொற்களைப் போனில் படம் பிடித்து வைத்தவர்கள், கஸ்டமர் கேர் என்று பேசியவனிடம் டைப் செய்து கொடுத்தவர்கள், எழுதிய தாளை வீடு மாறும்போது பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டவர்கள், எல்லாம் இந்த வகைதான்.

அதனால் முதலில் உறுதியாகத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் காயின் அந்தக் கருவிக்குள் இல்லை. அது பிளாக்செயின் என்கிற பொதுக் கணக்கில் இருக்கிறது, அதை நகர்த்தத் தேவையான ரகசிய எண்ணை மட்டும் கருவி வைத்திருக்கிறது. அந்த எண்ணை மனிதன் எழுதி வைக்கும்படி மாற்றிய வடிவம்தான் மீட்புச் சொற்கள், சீட் ஃபிரேஸ் என்கிறார்களே அது. பிஐபி 39 என்ற பொது முறைப்படி 2048 ஆங்கிலச் சொற்கள் கொண்ட ஒரு பட்டியல் இருக்கிறது, அதிலிருந்து 12 அல்லது 24 சொற்களைக் கருவியே எடுத்துத் தரும். கருவியை ஏரியில் போட்டாலும் சொற்கள் இருந்தால் வேறு கருவி வாங்கி மொத்தத்தையும் மீட்டுவிடலாம். சொற்கள் போய், அப்புறம் கருவியும் பழுதானால் உலகத்தில் யாராலும் மீட்க முடியாது. நிலப் பத்திரம் தொலைந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் எடுக்கலாம், இங்கே அப்படி ஓர் அலுவலகமே கிடையாது. அதே சமயம், சொற்களைப் பார்த்த எவனும் பின் நம்பரோ கருவியோ இல்லாமலே எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போகலாம். ஆக, நீங்கள் செலவழிக்கிற கவனத்தில் பெரும்பங்கு சொற்களுக்குப் போக வேண்டும்.

இனி வாங்குவது. தயாரிப்பாளரின் தளத்திலோ, அவர்களே தங்கள் தளத்தில் பெயர் போட்டிருக்கும் விற்பனையாளரிடமோ வாங்குங்கள். பழையது, பிரித்தது, நண்பர் பயன்படுத்தாமல் வைத்திருந்தது, எதுவும் வேண்டாம். பெட்டியின் ஸ்டிக்கர் கிழியாமல் இருப்பதை நம்பாதீர்கள், அதைப் போலியாகச் செய்வது சுலபம். கருவி வரும்போது அதில் பின் நம்பர் இருக்கக் கூடாது, சொற்களும் இருக்கக் கூடாது. பெட்டிக்குள் ஏற்கெனவே சொற்கள் அச்சடித்த அட்டையோ, சுரண்டிப் பார்க்கும் கார்டோ இருந்தால் அது திருட்டுக் கருவி, சந்தேகமே வேண்டாம். அந்தச் சொற்கள் அனுப்பியவனிடமும் இருக்கும், நீங்கள் பணம் போடும் வரை காத்திருப்பான். கருவி உண்மையானதா என்று தயாரிப்பாளரின் செயலி பரிசோதிக்கும் வசதி பல மாடல்களில் உண்டு, அதைத் தவறாமல் செய்யுங்கள்.

எந்த முகவரிக்கு வரவழைப்பது என்பதையும் யோசியுங்கள். 2020-ல் ஹார்டுவேர் வாலட் செய்யும் லெட்ஜர் நிறுவனத்தின் விற்பனைத் தரவுகள் திருடு போயின, அந்த ஆண்டு டிசம்பரில் 2,70,000-க்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களின் பெயர், வீட்டு முகவரி, போன் நம்பர் எல்லாம் இணையத்தில் கொட்டப்பட்டன. அப்புறம் அந்த முகவரிகளுக்குப் போலிக் கருவிகளும், சொற்களைக் கேட்டுக் கடிதங்களும் போயின. கருவிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் யார் வீட்டில் கிரிப்டோ இருக்கிறது என்ற பட்டியல் வெளியே போய்விட்டது. தனியாக இருக்கும் எஸ்டேட் வீட்டு முகவரியை அப்படி ஒரு பட்டியலில் சேர்க்காதீர்கள். சேலத்தில் தெரிந்தவர் கடை, அலுவலகம், ஏதாவது ஒரு முகவரிக்கு வரட்டும், மின்னஞ்சலும் இதற்கென்று தனியாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் இது இருப்பதை ஊரில் சொல்லாமல் இருப்பதும் இதே காரணத்துக்காகத்தான். லெட்ஜரின் இணை நிறுவனர் ஒருவரே 2025 ஜனவரியில் பிரான்சில் கடத்தப்பட்டார். பணம் எவ்வளவு என்பதைக் காட்டிலும் பணம் இருக்கிறது என்ற பேச்சுதான் ஆபத்து.

செயலியை இறக்கும்போது கூகுளில் தேடி முதலில் வரும் இணைப்பைத் தொடாதீர்கள், அது விளம்பரமாக இருக்கலாம். கருவியின் பெட்டியில் இருக்கும் தள முகவரியை எழுத்து எழுத்தாக நீங்களே அடியுங்கள். 2023 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலேயே ஒரு போலி லெட்ஜர் செயலி நுழைந்து, 5 லட்சம் டாலருக்கும் மேல் சுருட்டிவிட்டுப் போனது, அதனால் பெரிய நிறுவனத்தின் ஸ்டோரில் இருக்கிறது என்பதும் போதாது. அடுத்து ஃபர்ம்வேர், அதாவது கருவிக்குள் ஓடும் மென்பொருளின் புதுப்பிப்பு. சொற்களை உருவாக்குவதற்கு முன்னாலேயே அதை முடித்துவிடுங்கள். ஏற்காட்டில் மழை அடித்தால் கரண்ட் போவது உங்களுக்குத் தெரியும், லேப்டாப் பேட்டரி நிறைய இருக்கும்போது செய்தால் போதும், நடுவில் நின்றாலும் அந்த நேரத்தில் இழக்க எதுவும் இருக்காது.

பின் நம்பருக்குப் பிறந்த நாளையும் வண்டி நம்பரையும் வைக்காதீர்கள். சில கருவிகள் மூன்று முறை தவறாகப் போட்டாலே தன்னைத்தானே அழித்துக்கொள்ளும், பதற வேண்டாம், சொற்கள் இருந்தால் திரும்ப ஏற்றலாம். பின் நம்பரைக் கருவியோடு ஒரே டப்பாவில் மட்டும் வைக்காதீர்கள்.

இப்போது சொற்கள் வரும் கட்டம். இதை அவசரமாகச் செய்ய வேண்டாம், ஒரு மணி நேரம் யாரும் கூப்பிடாத பொழுதாகப் பாருங்கள். போன் வேறு அறையில் இருக்கட்டும். எஸ்டேட் வீடுகளில் இப்போது சிசிடிவி மாட்டியிருக்கிறார்கள், மேசையைப் பார்க்கும் கேமரா இல்லாத அறையாக இருக்க வேண்டும், பாதிக் கேமராக்கள் படத்தை எங்கோ ஒரு சர்வருக்கு அனுப்புகின்றன. லேப்டாப்பின் கேமராவும் மூடியிருக்கட்டும். வரிசை எண் போட்டு, பெரிய ஆங்கில எழுத்தில், பென்சிலாலோ சாதாரண பால்பாயின்ட் பேனாவாலோ எழுதுங்கள், ஜெல் பேனா உங்கள் ஊர் ஈரத்தில் ஊறிப் பரவும். வேறு யாருக்கும் புரியக் கூடாது என்று சிலர் தமிழ் எழுத்தில் எழுதி வைக்கிறார்கள், அது வேண்டாம். பட்டியலில் விளக்கைக் குறிக்கும் சொல்லும் இருக்கிறது, பழச் சதையைக் குறிக்கும் சொல்லும் இருக்கிறது, இரண்டையும் தமிழில் எழுதினால் பல்ப்தான். ஐந்து வருடம் கழித்து எது என்று உங்களுக்கே தெரியாது. வரிசையும் மாறக் கூடாது, ஒரு சொல் இடம் மாறினாலும் வேறு வாலட் வரும், அல்லது பிழை என்று சொல்லும்.

போனில் இருக்கும் வாலட்டின் சொற்களையே போடலாமா என்ற கேள்விக்கு, முடியும், ஆனால் போடாதீர்கள். இணையத்தோடு தொடர்புள்ள கருவியில் ஒரு முறை இருந்த சொற்கள் எங்கே போயின என்று உறுதியாகச் சொல்லவே முடியாது, அந்தச் சந்தேகத்தை அப்படியே புதுக் கருவிக்குள் கொண்டுபோகிறீர்கள். ஹார்டுவேர் வாலட்டில் புதுச் சொற்களை உருவாக்கி, போனில் இருக்கும் காயினை அந்தப் புது முகவரிக்கு அனுப்பிவிடுங்கள், கட்டணம் கொஞ்சம் போனாலும் பரவாயில்லை. சொற்களை நீங்களே யோசித்துத் தேர்ந்தெடுப்பதும், ஏதாவது தளத்தில் உருவாக்குவதும் இதைவிட மோசம். 2023-ல் லிப்பிட்காயின் எக்ஸ்புளோரர் என்ற மென்பொருளில் ஒரு குறை வெளிவந்தது. அது உருவாக்கிய சொற்கள் பார்க்க முழு நீளமாக இருந்தாலும், உள்ளே இருந்த தற்செயல், அதாவது கணிக்க முடியாத தன்மை, வெறும் 32 பிட்தான், அதாவது சுமார் 429 கோடி சாத்தியங்கள். நமக்கு அது பெரிய எண், கணினிக்கு அது ஒன்றுமே இல்லை. அப்படி உருவான வாலட்டுகள் காலி செய்யப்பட்டன. ஒழுங்காக உருவான 12 சொல்லில் 128 பிட் இருக்கிறது, 24 சொல்லில் 256 பிட். 12 சொல்லே போதும் என்பது என் கருத்து, ஆனால் உங்கள் கருவி 24 தந்தால் அதோடு சண்டை போட வேண்டாம்.

சொற்கள் எந்த வகையிலும் மின்னணு வடிவம் எடுக்கக் கூடாது. படம், வாட்ஸாப்பில் தனக்குத்தானே அனுப்புவது, ஜிமெயில் டிராஃப்ட், எக்ஸல், பிரிண்ட் எடுப்பது, எல்லாம் ஒன்றுதான். போனில் எடுத்த படம் கேட்காமலே கிளவுடுக்குப் போகும். போனிலேயே நின்றாலும் ஆபத்துதான், 2025 பிப்ரவரியில் காஸ்பர்ஸ்கி என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடித்து அறிவித்த ஸ்பார்க்கேட் என்ற தீநிரல் கேலரியில் இருக்கும் படங்களில் எழுத்தைப் படித்து, மீட்புச் சொற்கள் தெரிகிற படங்களைப் பொறுக்கி அனுப்பியது, ஆண்ட்ராய்டு, ஆப்பிள் இரண்டின் ஸ்டோரிலும் இருந்த செயலிகளுக்குள் அது புகுந்திருந்தது. சொற்களை அடிக்க வேண்டிய ஒரே இடம் கருவியின் சொந்தத் திரைதான். எந்த நிறுவனத்தின் ஆளும், எந்தக் காரணத்துக்காகவும் அவற்றைக் கேட்க மாட்டார். டெலிகிராமில் அழகான தமிழில் பேசி உதவுகிறேன் என்பவர் கேட்டாலும் அதே பதில்தான். ஏற்கெனவே ஏமாந்துவிட்டால் சைபர் குற்றப் புகார் எண்ணான 1930-க்குக் கூப்பிட்டுப் புகார் பதியுங்கள், ஆனால் அதற்கு முன்னால் மிச்சம் இருப்பதைப் புது வாலட்டுக்கு நகர்த்துங்கள்.

எழுதி முடித்ததும் மொத்தப் பணத்தையும் மாற்றிவிடாதீர்கள். நான் யாரிடமும் விட்டுக்கொடுக்காத ஒரே கட்டம் இதுதான். எக்ஸ்சேஞ்ச் அனுமதிக்கும் மிகச் சிறிய தொகையைக் கருவிக்கு அனுப்புங்கள். வந்து சேர்ந்ததும், அந்தக் கருவிக்குள் இருப்பதை வேண்டுமென்றே அழியுங்கள். அமைப்பில் ரீசெட் இருக்கும். அப்புறம் தாளில் எழுதியதை மட்டும் பார்த்து மீட்டெடுங்கள். அதே முகவரி, அதே சிறு தொகை தெரிந்தால் நீங்கள் எழுதியது சரி. தெரியாவிட்டால் இழப்பு அந்தச் சிறு தொகை மட்டும்தான், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கலாம். இதைச் செய்யும்போது எல்லோருக்கும் கை நடுங்குகிறது, நடுங்கத்தான் செய்யும், ஆனால் இந்தப் பயத்தை நூறு ரூபாயோடு இன்றைக்கே பட்டுவிடுவது நல்லது. கையெழுத்து புரியாமல் ஒரு சொல் தவறாகிவிட்டதை இந்தக் கட்டத்தில் கண்டுபிடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சோதிக்காமல் விட்டிருந்தால் அது தெரிய வருவது கருவி செத்த நாளில்தான்.

பெரிய தொகையை அனுப்பும்போது, பெறும் முகவரியைக் கணினித் திரையில் பார்த்து நம்பாமல் கருவியின் திரையில் காட்டச் சொல்லி முழுவதையும் ஒப்பிடுங்கள். காப்பி செய்த முகவரியை நடுவழியில் மாற்றும் தீநிரல்கள் உண்டு, முதல் நான்கும் கடைசி நான்கும் ஒரே மாதிரி இருக்கும் போலி முகவரியிலிருந்து சில்லறை அனுப்பி உங்கள் பழைய பட்டியலில் ஒட்டிக்கொள்ளும் தந்திரமும் உண்டு. நெட்வொர்க் எது என்பதையும் பாருங்கள், எக்ஸ்சேஞ்சில் தேர்ந்தெடுக்கும் செயினும் (பிளாக்செயின்) உங்கள் வாலட்டின் செயினும் ஒன்றாக இருக்க வேண்டும். இன்னொன்று, இந்திய எக்ஸ்சேஞ்சுகளில் சில, காயினை வெளியே எடுக்கக் கட்டுப்பாடு வைத்திருக்கின்றன. கருவிக்குக் காசு கொடுப்பதற்கு முன் உங்கள் எக்ஸ்சேஞ்சில் எடுக்க முடியுமா என்று பார்த்துவிடுங்கள்.

ஹார்டுவேர் வாலட் இருந்தும் பணம் போகும் இன்னொரு வழி, படிக்காமல் ஒப்புதல் கொடுப்பது. 2024 ஜூலை 18-ல் வசிர்எக்ஸ் என்ற இந்திய எக்ஸ்சேஞ்ச் இழந்த 23 கோடி டாலர் அளவிலான தொகையும், 2025 பிப்ரவரியில் பைபிட் என்ற எக்ஸ்சேஞ்ச் இழந்த சுமார் 150 கோடி டாலரும் போனபோது, ஒப்புதல் கொடுத்தவர்கள் கையில் ஹார்டுவேர் வாலட்டுகள் இருந்தன. கணினித் திரையில் ஒன்று தெரிந்தது, கையெழுத்தானது வேறு. பிட்காயினை வாங்கி அப்படியே வைத்திருக்கப் போகிறவருக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. ஈதரை வைத்துக்கொண்டு ஏதாவது தளத்தில் வாலட்டை இணைத்து வட்டி, இலவச டோக்கன் என்று போனால் ஆபத்து பலமடங்கு. அப்படிச் செய்யத்தான் வேண்டும் என்றால் சிறு தொகையோடு தனியாக ஒரு வாலட் வைத்துக்கொள்ளுங்கள், சேமிப்பு வாலட்டை எந்தத் தளத்தோடும் இணைக்காதீர்கள். கருவியின் திரையில் புரியாத எண்களும் எழுத்துகளும் மட்டும் வந்தால் நிராகரித்துவிடுங்கள்.

இனி எதில், எங்கே வைப்பது. ஏற்காட்டில் தாளை மட்டும் நம்ப முடியாது, பூஞ்சை ஒரு பக்கம், கறையான் ஒரு பக்கம். லேமினேட் செய்யக் கடையில் கொடுத்தால் கடைக்காரர் படிப்பார். துருப்பிடிக்காத எஃகுத் தகடுதான் சரி, அதற்கு நாம் ஊர் ஊராக அலைய வேண்டாம், சேலம் உருக்காலை உருவானதே அந்த எஃகுக்காகத்தான். 304 ரகத் தகடு உருக 1400 டிகிரி செல்சியஸ் வேண்டும், வீட்டுத் தீ அந்த அளவுக்குப் போகாது. அலுமினியம் வேண்டாம், 660 டிகிரியில் உருகிவிடும். வெள்ளியில் வெட்டலாமா என்று செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வேலை செய்யும் ஒருவர் கேட்டார். 962 டிகிரியில் உருகும், தவிரவும் திருட வந்தவன் முதலில் எடுப்பது வெள்ளியைத்தான், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவன் பார்க்காவிட்டாலும் உங்கள் சொற்கள் உருக்குப் பட்டறைக்குப் போய்விடும். எழுத்துப் பஞ்ச் செட் இரும்புக் கடைகளில் கிடைக்கிறது, சுத்தியலால் நீங்களே அடிக்கலாம். பட்டியலில் உள்ள எந்த இரண்டு சொல்லுக்கும் முதல் நான்கு எழுத்து ஒன்றாக இருக்காது என்பதால் சொல்லுக்கு நான்கு எழுத்து போதும், 24 சொல்லுக்கு அதிகபட்சம் 96 எழுத்து. ஒரு மாலை வேலை. பாத்திரக் கடையில் பெயர் வெட்டித் தருகிறார்களே, அங்கே கொடுத்துவிடலாம் என்று யாருக்கும் தோன்றிவிடக் கூடாது. வெட்டுபவர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் அவரும் பக்கத்தில் நிற்பவரும் பார்த்த பிறகு அது ரகசியம் இல்லை.

இரண்டு தகடுகள் செய்து, ஒரே விபத்து இரண்டையும் தொடாத இரண்டு இடங்களில் வையுங்கள். ஒன்று ஏற்காட்டில் என்றால் இன்னொன்று சேலத்தில். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதே, அந்த மாதிரி நேரத்தில் கீழே இருப்பது மட்டும் போதாது, மேலே இருப்பது மட்டும் போதாது. சேலத்தில் வங்கி லாக்கர் நல்ல இடம், வங்கி ஊழியர் தன்னிடம் உள்ள சாவியால் மட்டும் அதைத் திறக்க முடியாது. ஆனால் 2022 ஜனவரியிலிருந்து நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி தீ, திருட்டு, கட்டட இடிபாடு, ஊழியர் மோசடி ஆகியவற்றுக்கு வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல 100 மடங்கு வரைதான், இயற்கைச் சீற்றத்துக்குப் பொறுப்பில்லை. லாக்கரிலும் உள்ளே இருப்பது வெளியே தெரியாத உறைக்குள் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டு வையுங்கள், யாராவது பிரித்தால் தெரியும்.

24 சொல்லைப் பாதிப் பாதியாகப் பிரித்து இரண்டு இடத்தில் வைத்தால் இன்னும் பாதுகாப்புதானே என்று கேட்பார்கள். திருடனைப் பொறுத்தவரை ஆமாம், 12 சொல் தெரிந்தவனால் மீதி 12-ஐக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் இப்போது இரண்டில் எது தொலைந்தாலும் மொத்தமும் போகும். வீட்டுக்குள் திருட்டு பயத்தைக் குறைக்கப் போய், தொலைக்கும் வாய்ப்பை இரட்டிப்பாக்கியிருக்கிறீர்கள். உங்கள் நிலைமைக்கு இது வேண்டாம் என்பேன்.

இதுவரை சொன்னதில் எனக்குச் சந்தேகமில்லை. இனிச் சொல்வதில் நல்ல விவரம் தெரிந்தவர்களே வேறுபடுவார்கள். எந்த நிறுவனத்தின் கருவி என்பது அதில் ஒன்று. லெட்ஜர் பாதுகாப்புச் சிப்பை நம்புகிறது, அதன் உள் நிரல் முழுவதும் வெளிப்படையாக இல்லை. இன்னொரு தயாரிப்பாளரான ட்ரெசார் நிரலை வெளிப்படையாக வைக்கிறது, ஆனால் அதன் பழைய மாடல்களைக் கையில் கிடைத்த 15 நிமிடத்தில் திறந்து சொற்களை எடுக்க முடியும் என்று 2020 ஜனவரியில் கிராகன் என்ற எக்ஸ்சேஞ்ச் நிறுவனத்தின் பாதுகாப்புக் குழு காட்டியது. அதற்குக் கருவி கையில் வேண்டும், ஆய்வுக்கூடச் சாதனங்களும் அறிவும் வேண்டும். உங்கள் வீட்டுக்கு வரக்கூடிய திருடன் அவன் இல்லை. இரண்டில் எதை வாங்கினாலும் சொற்களைச் சரியாக வைத்தால் போதும் என்பது என் நிலை, ஆனால் வாங்கும் மாடலின் சொற்கள் பிஐபி 39 முறையில் உள்ளனவா என்று பாருங்கள். ட்ரெசாரின் புது மாடல்கள் 20 சொல் கொண்ட வேறு முறையையும் தருகின்றன, அதை எல்லாக் கருவிகளும் ஏற்காது.

பாஸ்ஃபிரேஸ் இன்னொன்று. 24 சொல்லுக்கு மேல் நீங்களே ஒரு சொல்லோ வாக்கியமோ சேர்ப்பது. தகடு திருடு போனாலும் அது இல்லாமல் பணத்தை எடுக்க முடியாது, நல்ல காவல்தான். ஆனால் தவறாக அடித்தால் தவறு என்று கருவி சொல்லாது, ஒவ்வொரு பாஸ்ஃபிரேஸுக்கும் ஒரு வாலட் திறக்கும், காலியாக இருக்கும், அவ்வளவுதான். பெரிய எழுத்து, ஓர் இடைவெளி மாறினாலும் அதே கதி. மனதில் வைத்திருப்பேன் என்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பதே இல்லை. முதல் வருடம் இது இல்லாமல் ஓட்டுங்கள். பின்னால் தொகை பெரிதாகி, தனியாக இருக்கும் வீட்டில் ஒரு தகடு இருப்பது உறுத்தினால் சேருங்கள், ஆனால் அதையும் ஓரிடத்தில் எழுதி, தகடு இல்லாத இடத்தில் வையுங்கள்.

வீட்டார் விஷயம்தான் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது, பெரும்பாலோர் இதைக் கடைசிக்கு ஒத்திப்போட்டு அப்படியே விட்டுவிடுகிறார்கள். வங்கிக் கணக்கு போல இதற்கு நாமினி கிடையாது. சென்னை உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில் ஒரு வழக்கில் கிரிப்டோவைச் சொத்து என்று ஏற்றிருக்கிறது, உயிலில் எழுதலாம், எழுதத்தான் வேண்டும், ஆனால் நீதிமன்றம் உங்கள் மனைவிக்கோ அப்பாவுக்கோ உரிமை என்று தீர்ப்பு எழுதினாலும் சொற்கள் இல்லாமல் ஒரு பைசா நகராது. உயிலில் சொற்களை எழுதாதீர்கள், அது பல கை மாறும். ஒரு பக்கத்தில் எளிய தமிழில் கடிதம் எழுதுங்கள்: இப்படி ஒரு சேமிப்பு இருக்கிறது, தகடு இன்ன இடத்தில், கருவி இன்ன இடத்தில், அவசரப்பட்டு எதையும் செய்ய வேண்டாம், யாரிடமும் தகட்டைக் காட்ட வேண்டாம், முதலில் இன்னாரைக் கூப்பிட்டுப் பேசுங்கள், அவரும் சொற்களைப் பார்க்கக் கூடாது. அந்தக் கடிதம் இருக்கும் இடத்தை ஒருவருக்காவது சொல்லிவிடுங்கள். லாக்கருக்கு நாமினி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். முடிந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, சிறு தொகையோடு தனி வாலட் ஒன்றை அவர் கையாலேயே அழித்து மீட்கச் சொல்லுங்கள். ஒரு முறை செய்து பார்த்தவருக்குக் கடிதம் புரியும், பார்க்காதவருக்கு அது வேற்று மொழி.

வருடத்துக்கு ஒரு முறை தகடுகள் இடத்தில் இருக்கின்றனவா, கருவி உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். கருவியை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பையோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள், அப்படியும் அது கெட்டுப்போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம். வரி என் துறை இல்லை, அதை உங்கள் ஆடிட்டரிடம்தான் உறுதி செய்ய வேண்டும். பொதுவாகத் தெரிந்தது இவ்வளவு: 2022 ஏப்ரல் 1 முதல் விற்ற லாபத்துக்கு 30 சதவீதம் வரி, அந்த ஆண்டு ஜூலை 1 முதல் 1 சதவீதம் டிடிஎஸ், நஷ்டத்தை வேறு லாபத்தில் கழிக்க முடியாது. உங்கள் எக்ஸ்சேஞ்ச் கணக்கிலிருந்து உங்கள் சொந்த வாலட்டுக்கு மாற்றுவதில் விற்பனை எதுவும் நடக்கவில்லை என்பது என் புரிதல். ஆனால் எக்ஸ்சேஞ்சை விட்டு வெளியே வந்ததும் வாங்கிய விலையைக் காட்டும் பொறுப்பு உங்களுடையது. மாற்றுவதற்கு முன்னால் மொத்தப் பரிவர்த்தனைப் பட்டியலையும் இறக்கி வைத்துவிடுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் தேதி, அளவு, பரிவர்த்தனை எண் மூன்றையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள், அந்த நோட்டில் சொற்கள் மட்டும் இருக்கக் கூடாது.